திருப்பத்திலேயே தீர்ப்பா, முடியும்வரை பொறுப்பதா?

வெள்ளவத்தையில் நாங்கள் நாலைந்து பேர் பிளேன்டீயோடு கூடினால் இந்த வாக்குவாதம் வந்தே தீரும்: தொடராக வரும் கொமிக்ஸ் கதையில் அதிர்ச்சித் திருப்பம் வந்தால் உடனே தீர்ப்புச் சொல்வதா, கதை முடியும்வரை பொறுப்பதா? 2016 மே மாதம் கொமிக்ஸ் வீரன் கப்டன் அமெரிக்கா, 'ஹெயில் ஹைட்ரா' என்று தன் எதிரி அமைப்பான ஹைட்ராவையே வாழ்த்திய இதழில்தான் பேச்சுத் தொடங்கும்.

உடனே தீர்ப்புச் சொல்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்த வீரனை உருவாக்கிய ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் யூதர்கள். 1941 மார்ச் என்று தேதியிட்ட முதல் இதழின் அட்டையிலேயே அவன் ஹிட்லரின் முகத்தில் குத்துகிறான். நாஸிகளோடு பிணைந்த ஹைட்ராவின் ஆளாக அவனைக் காட்டினால் வாசகருக்குக் கொதிக்கத்தான் செய்யும். பின்னால் என்ன விளக்கம் வந்தாலும் அந்த வலி மெய்.

ஆனால் கதை நல்லதா என்பது வேறு கேள்வி. அதற்கு நான் பொறுப்பவர்கள் பக்கம். கதைக்குள் அவனுடைய கடந்தகாலம் மாற்றப்பட்டிருந்ததால்தான் அவன் அப்படிச் சொன்னான் என்பது அடுத்த இதழிலேயே தெரிந்துவிட்டது. கதை முடிய 2017 ஓகஸ்ட் ஆனது. 1992இல் இறந்த சூப்பர்மேனும் அடுத்த ஆண்டே திரும்பினான்.

எனக்கு இதை உணர்த்தியது ஸ்பைடர்மேன். 2012 இறுதியில், ஸ்பைடர்மேனான பீட்டரின் உடலை வில்லன் டொக்டர் ஒக்டோபஸ் பறித்துக்கொண்டபோது, கோபத்தில் வாசிப்பதையே விட்டேன். பல வருடம் கழித்து ஒரு நண்பன் முழுத் தொகுப்பையும் தந்தான். தான் நேசித்தவளைக் காப்பாற்றத் தன்னால் முடியாது, பீட்டரால் முடியும் என்று உணர்ந்து, ஒக்டோபஸ் தானாகவே அந்த உடலைத் திருப்பிக் கொடுக்கிறான். அந்தப் பக்கத்தில் அழுதுவிட்டேன்.