உபுண்டு 24.04: ஒரு வருடம் சர்வரில் ஓட்டிப் பார்த்தபின்

போன வருடம் ஒரு பழைய கிளவுட் சர்வரை என் தலையில் கட்டினார்கள். ஒரு மொத்த வியாபாரியின் ஆர்டர் தளம் அது, எழுதிக்கொடுத்த ஆள் எப்போதோ கழன்றுகொண்டார், மிச்சம் இருந்தது ஒரு ஐபி முகவரியும் பாஸ்வேர்டும்தான். கண்ட்ரோல் பேனலில் சர்வர் பெயர் "உபுண்டு20-லைவ்". சரி, உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 20.04 பதிப்புதானே, அவ்வளவு மோசமில்லை என்று நினைத்து நோட் 20-ஐ (ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் மென்பொருள்) இறக்கி ஓட்டினால், ஜிலிப்சி (சிஸ்டத்தின் அடிப்படை சி நூலகம்) 2.28 இல்லை என்று ஒரே வரியில் கையை விரித்துவிட்டது. உபுண்டு 20.04 என்றால் ஜிலிப்சி 2.31 இருக்கவேண்டுமே? ஈடிசி டைரக்டரியில் இருக்கும் ஓஎஸ்-ரிலீஸ் ஃபைலைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, உள்ளே இருப்பது அதைவிடப் பழைய 18.04. அந்தப் பெயர், முன்னாடி இருந்தவர் ஏதோ ஒரு ஆசையில் தட்டி வைத்தது.

அன்றிலிருந்து எந்த சர்வரைத் தொட்டாலும் முதலில் அந்த ஃபைலைத்தான் பார்க்கிறேன். பேனல்கள் பெரும்பாலும் சர்வரை உருவாக்கியபோது எந்த இமேஜைத் தேர்ந்தெடுத்தோமோ அதைத்தான் காட்டும், உள்ளேயே அப்கிரேட் செய்தால் அதற்குத் தெரியாது. யூநேம் கமாண்டை நம்புகிறவர்களும் உண்டு, ஆனால் அது சொல்வது கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) எண்ணை மட்டும். 22.04-லேயே 6.8 கெர்னல் ஓடலாம், 24.04-உம் அதே 6.8-உடன்தான் வந்தது, அப்புறம் எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

18.04-லிருந்து நேராக 24.04-க்குத் தாவ முடியாது. 20.04, 22.04 என்று படிப்படியாக மூன்று தடவை ஏறவேண்டும். அந்த வம்பே வேண்டாம் என்று புது சர்வர் வாங்கினேன். போடக்கூடிய லினக்ஸ்களின் பட்டியலில் உபுண்டு 22.04, 24.04, டெபியன் 12, அல்மாலினக்ஸ் 9, ராக்கி 9 எல்லாம் இருந்தன. 2024 ஜூன் 30-ஓடு ஆயுள் முடிந்துபோன சென்ட்ஓஎஸ் 7-ஐயும் வெட்கமில்லாமல் அதே வரிசையில் வைத்திருந்தார்கள், ஒரு எச்சரிக்கை கூட இல்லை. புதிதாக வருகிறவர் பழகின பெயராக இருக்கிறதே என்று அதை அழுத்திவிட்டால் யார் பொறுப்பு?

நான் எடுத்தது 24.04. முக்கியக் காரணம் தேதி. உபுண்டுவில் எண்ணே வருடமும் மாதமும்தான், எல்டிஎஸ் (நீண்ட காலம் அப்டேட் வரும் பதிப்பு) என்றால் அதோடு ஐந்து வருடம் கூட்டிக்கொள்ளலாம், ஆக 22.04-க்கு 2027, இதற்கு 2029. வியாபாரி ஒரு தடவை காசு கொடுத்தால் நாலு வருடத்துக்குத் திரும்பிப் பார்க்காதவர், அவருக்கு அந்த இரண்டு வருடம் பெரிசு. பிஎச்பி 8.3-உம் பைத்தான் 3.12-உம் கையோடு கிடைக்கின்றன.

குறை இல்லாமல் இல்லை. முதல் நாளே எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) போர்ட்டை, அதாவது அது கேட்கும் வாசல் எண்ணை, மாற்றினேன், வழக்கம்போல கான்ஃபிக்கில் எண்ணைத் திருத்தி எஸ்எஸ்எச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து, ஃபயர்வாலில் பழைய எண்ணான 22-ஐயும் மூடிவிட்டு வெளியே வந்தேன். திரும்ப உள்ளே போக முடியவில்லை. இதில் போர்ட்டைக் கவனிப்பது சிஸ்டம்டியின் (சர்வீஸ்களை நிர்வகிக்கும் மென்பொருள்) எஸ்எஸ்எச் சாக்கெட், டீமன்-ரீலோட் கொடுத்து அந்த சாக்கெட்டை ரீஸ்டார்ட் செய்தால்தான் புது எண் பிடிக்கும். பேனலில் இருக்கும் வெப் கன்சோல் வழியாக நுழைந்து, காப்பி பேஸ்ட் கூட வேலை செய்யாத அந்தக் கருப்புத் திரையில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி மீட்டேன். பைத்தான் நூலகங்களை இறக்கும் பிப் இன்ஸ்டாலும் சிஸ்டம் பைத்தானில் நேரடியாக விடாது, வெர்ச்சுவல் என்வ் என்ற தனிச் சூழல் கட்டாயம். எரிச்சலாக இருந்தாலும் அது நியாயம்தான். ஆனால் மென்பொருள் நிறுவும் ஏபிடி கமாண்டை ஓட்டும்போது இடையே உபுண்டு ப்ரோ என்ற சந்தாவின் விளம்பரம் எட்டிப் பார்ப்பதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

நான் எதிர்பார்க்காத அடி டேட்டாபேஸிலிருந்து வந்தது. 18.04-இல் மைஎஸ்க்யூஎல் 5.7, இங்கே 8.0. டம்ப் (பழைய டேட்டாவின் நகல்) சமர்த்தாக ஏறிவிட்டது, தளமும் திறந்தது, வாடிக்கையாளர் பிரிவுகள் பக்கம் மட்டும் வெறும் பிழை. டேபிளின் பெயர் "க்ரூப்ஸ்". 8.0-இல் அது ஒதுக்கப்பட்ட சொல்லாகிவிட்டது, பெயரைச் சுற்றி பேக்டிக் (`) குறி போடாத ஒவ்வொரு க்வெரியையும் தேடித் தேடித் திருத்தினேன், பாதி ராத்திரி போச்சு.

என் சொந்தத் தளத்துக்கு டெபியன் 12 வைத்திருக்கிறேன். ஸ்னாப் (உபுண்டு தள்ளும் தனி மென்பொருள் பொதி முறை) கிடையாது, விளம்பரம் கிடையாது, சின்ன ராமில் நிம்மதியாக ஓடுகிறது. எல்டிஎஸ் காலத்தையும் சேர்த்தால் 2028 ஜூன் வரை தாங்கும், இப்போதே புதிதாகப் போடுகிறவர் 2025 ஆகஸ்டில் வந்த 13-ஐ எடுக்கலாம். ரெட்ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் வகைதான் வேண்டும் என்று உங்கள் மென்பொருள் அடம்பிடித்தால் அல்மா 9, அது 2032 வரை. 2029 வரை வரும் என்று நம்பிய சென்ட்ஓஎஸ் 8-ஐ 2021 கடைசியிலேயே நிறுத்தியதில் ஏமாந்தவர்களுக்காகவே பிறந்தது இது, அதனால் எனக்கு இதன்மேல் ஒரு பரிவு உண்டு.

வியாபாரியின் புது சர்வருக்கு அவர் கடைப் பெயரையே வைத்துவிட்டேன். அதில் எந்த எண்ணும் இல்லை.