வெளிநாடு செல்லும் செவிலியருக்கான கீழ்ப்பாக்கம் பயிற்சி மையம்: ஒரு மதிப்புரை

சென்னை கீழ்ப்பாக்கத்தில், மருந்துக் கடை ஒன்றின் மேல் மாடியில் நடக்கும் பயிற்சி மையத்தைப் பற்றிய மதிப்புரை இது. பிரிட்டனில் செவிலியராகப் பதிவு பெற விரும்புவோரை ஓஇடி என்னும் மருத்துவத் துறை ஆங்கிலத் தேர்வுக்கும், சிபிடி என்னும் கணினித் தேர்வுக்கும் இங்கே தயார் செய்கிறார்கள். ஆவணங்களைத் திரட்டவும் துணை நிற்கிறார்கள். தனியார் மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே இங்கு படித்து, இரண்டு தேர்விலும் தேறியவள் என்ற முறையில் எழுதுகிறேன். நிறைகளோடு குறைகளையும் சொல்லவிருப்பதால் மையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். அண்ணா நகர், வடபழனி, தாம்பரம் என நகரெங்கும் இத்தகைய மையங்கள் இருக்கின்றன; அவற்றில் எதில் பணம் கட்டுவதாக இருந்தாலும், அதற்கு முன் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு இது பயன்படும் என நம்புகிறேன்.

முதலில் பாராட்ட வேண்டியது, பதிவு வேறு, வேலை வேறு என்பதைச் சேர்க்கை நாளிலேயே இவர்கள் சொல்லிவிடுவதை. இந்தத் தொழிலில் பலர் இரண்டையும் ஒன்றாகக் கட்டி, விமான டிக்கெட் வரை தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, மொத்தமாக ஒரு தொகையைக் கேட்கிறார்கள். இங்கே ஒரு தாளில் எந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று எழுதித் தருகிறார்கள். நான் சேர்ந்தபோது இருந்த கணக்கு இது: ஓஇடி தேர்வுக்கு 587 ஆஸ்திரேலிய டாலர் தேர்வை நடத்துபவர்களுக்கு; பதிவு விண்ணப்பத்துக்கு 140 பவுண்டு என்எம்சி எனப்படும் பிரிட்டன் செவிலியர் கவுன்சிலுக்கு; சிபிடிக்கு 83 பவுண்டு; அங்கே போய்ச் சேர்ந்தபின் எழுத வேண்டிய ஆஸ்கி என்னும் செய்முறைத் தேர்வுக்கு 794 பவுண்டு; எல்லாம் முடிந்தபின் பதிவுக்கு 153 பவுண்டு. இவற்றில் ஒரு ரூபாயும் மையத்துக்கு வருவதில்லை. மையத்துக்குச் சேர வேண்டியது வகுப்புக் கட்டணம் மட்டுமே என்பதை அந்தத் தாளின் அடியில் கையெழுத்திட்டும் தருகிறார்கள். கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, வீட்டில் அப்பாவிடமோ கணவரிடமோ பேசுவதும், நகையை வைத்துக் கடன் வாங்கலாமா என்று முடிவு செய்வதும் எளிதாகிறது.

நான்கு ஆண்டு பிஎஸ்சி நர்சிங்கை ஆங்கிலத்திலேயே படித்த பிறகும் எதற்கு இன்னொரு ஆங்கிலத் தேர்வு என்று வகுப்பில் சேருவோர் எல்லாரும் கேட்கிறார்கள். ஆங்கிலத்தை முதன்மை மொழியாகக் கொண்ட நாடாக இந்தியாவை என்எம்சி கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே இங்கே படித்துவிட்டு நேராக விண்ணப்பிப்பவர் தேர்வு எழுதியே ஆக வேண்டும். கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் பி தரமும், எழுதுவதில் சி பிளஸ் தரமும் வேண்டும். ஐஇஎல்டிஎஸ் என்னும் பொதுவான ஆங்கிலத் தேர்வை எழுதினால் இதையே முறையே 7, 6.5 என்று கேட்கிறார்கள். ஐஇஎல்டிஎஸ் கட்டணம் குறைவுதான். ஆனால் அதில் நகரமயமாதலைப் பற்றியோ சுற்றுலாவைப் பற்றியோ கட்டுரை எழுத வேண்டியிருக்கும். ஓஇடியில் நோயாளியைப் பற்றிக் கடிதம் எழுதினால் போதும். வார்டில் நாள் முழுதும் புழங்குபவருக்கு இரண்டாவதே ஏற்றது என்பது என் கருத்து.

அந்தக் கடிதத்தைக் கற்றுத் தரும் வகுப்புதான் இந்த மையத்தின் உயிர். தேர்வில் நோயாளி ஒருவரைப் பற்றிய குறிப்புகள் கொடுக்கப்படும். அவற்றைப் படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம். கடிதம் 180 முதல் 200 சொற்களுக்குள் அமைவது நல்லது. குறிப்புகளில் இருப்பதையெல்லாம் வரிசையாக எழுதிவைப்பதே நம்மவர்கள் செய்யும் முதல் காரியம், ஏனென்றால் நம் மருத்துவமனைகளில் கேஸ் ஷீட்டில் எதையாவது விட்டுவிட்டால் திட்டு விழும். இங்கு பாடம் எடுக்கும் ஆசிரியை முன்னாள் வார்டு சிஸ்டர். இடுப்பு எலும்பு அறுவைக்குப் பின் வீடு திரும்பும் முதியவரைப் பற்றி, அவர் வீட்டுக்கு வந்து பார்க்கப்போகும் செவிலியருக்கு எழுத வேண்டிய ஒரு கடிதத்தை என் முன்னால் வைத்துத் திருத்தினார். இளமையில் குடல்வால் அறுவை செய்துகொண்டது, மகள் வேலை பார்க்கும் இடம், சேர்க்கை நாளன்று இருந்த ரத்த அழுத்தம் என நான் எழுதியிருந்த ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் கோடிட்டு, "சிஸ்டர், இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நர்ஸ் நாளைக் காலையில் அவர் வீட்டு வாசலில் நிற்கிறார். உள்ளே போய் அவர் என்ன செய்ய வேண்டும்? அதை முதல் பத்தியில் சொல்லுங்கள்" என்றார். புண்ணைக் கட்டும் முறை, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசி, தனியாக எழுந்து நடக்க அவருக்கு இருக்கும் பயம் ஆகிய மூன்றும் மேலே வந்தன. மகளின் அலுவலகம் போய்விட்டது, ஆனால் மகள் மாலையில்தான் வீட்டில் இருப்பார் என்ற செய்தி மட்டும் தங்கியது. யாருக்காக எழுதுகிறோம் என்பதை இவ்வளவு தெளிவாக என் கல்லூரியில்கூட யாரும் சொல்லித் தந்ததில்லை. இன்று என் பிரிவில் நைட் டூட்டி முடித்து, அடுத்து வருபவரிடம் நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஹேண்ட்ஓவர் கொடுக்கும்போதும் அந்தக் கேள்வியை மனத்தில் வைத்தே பேசுகிறேன்.

பேசுதல் வகுப்பும் நன்று. தேர்வில் நோயாளியாகவோ உறவினராகவோ ஒருவர் நடிப்பார். நாம் செவிலியராகவே இருந்து இரண்டு உரையாடல்களை நடத்த வேண்டும். மொழிக்கு மட்டுமல்லாமல், நோயாளியின் கவலையைக் கேட்டறிகிறோமா, தகவலைப் படிப்படியாகச் சொல்கிறோமா என்பதற்கும் மதிப்பெண் உண்டு. ஊசியைக் கண்டு பயப்படும் நோயாளியிடம் "ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்று தட்டிக்கொடுத்துவிட்டு வேலையைத் தொடர்வது நம் வழக்கம். அன்பாகச் சொல்வதுதான், ஆனால் அவருக்கு என்ன பயம் என்பது நமக்குத் தெரியாமலே போகிறது. அந்த இடத்தில் நிறுத்தி, எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்கச் சொல்லிப் பழக்குகிறார்கள்.

கேட்டல் பிரிவில்தான் மையம் பின்தங்கியிருக்கிறது. ஒரே ஒலிப்பதிவுகளைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அறையின் மூலையில் இருக்கும் ஒரே ஸ்பீக்கருக்கும் பின் வரிசைக்கும் இடையே ஏசி இரைச்சல் வேறு. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இருக்கைக்கு மேல் ஆட்களைச் சேர்க்கிறார்கள். இரவுப் பணி முடித்து நேராக வருகிறவர்கள் பின் வரிசையில் உட்கார்ந்து எதையும் கேட்காமல் போகிறார்கள். தேர்வில் நோயாளியும் மருத்துவப் பணியாளரும் பேசும் இரண்டு உரையாடல்களைக் கேட்டு 24 இடங்களை நிரப்ப வேண்டும், அதுவும் ஒரே ஒரு முறை கேட்டு. ஆளுக்கு ஒரு ஹெட்போன் கொடுக்கும் அளவுக்கு இவர்கள் கட்டணம் வாங்குகிறார்கள் என்பதால் இதை மன்னிக்க எனக்கு மனமில்லை. நான் இந்தப் பிரிவை வீட்டில் தனியாகவே படித்தேன்.

ஒரு தேர்வில் ஏதேனும் ஒரு பிரிவில் தரம் குறைந்தால், 12 மாதங்களுக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் காட்ட 2023 முதல் என்எம்சி அனுமதிக்கிறது. எந்தப் பிரிவிலும் மதிப்பெண் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போயிருக்கக் கூடாது. முடிவு வந்த அன்றே இதை ஒவ்வொருவரிடமும் விளக்கி, அடுத்த முறை எந்தப் பிரிவில் கவனம் வைக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். மறுபடியும் முழுக் கட்டணம் கட்டி வகுப்பில் சேரச் சொல்லி யாரையும் நெருக்குவதில்லை.

ஆவண உதவிக்கு வருகிறேன். தமிழ்நாட்டுச் செவிலியருக்கு இங்கேதான் பெரிய சிக்கல், அதுவும் பெயரில். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன் ஒற்றை எழுத்தாக இருக்கும் தந்தை பெயர், பாஸ்போர்ட்டில் முழுப் பெயராகக் குடும்பப் பெயர் இடத்தில் ஏறியிருக்கும். திருமணத்துக்குப் பின் புதுப்பித்திருந்தால் அங்கே கணவர் பெயர் நிற்கும். தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலின் பதிவில் இன்னொரு விதமாக இருக்கும். வெளிநாட்டு அலுவலரின் கண்ணுக்கு இவை மூன்று வெவ்வேறு பெண்கள். இந்த மையத்தில் ஆவணங்களைப் பார்ப்பவர் முதல் நாளே எல்லாச் சான்றிதழ்களையும் மேசை மேல் வரிசையாகப் பரப்பி, பெயர், பிறந்த தேதி, எழுத்துக்கூட்டல் மூன்றையும் விரல் வைத்து ஒப்பிடுகிறார். 'லட்சுமி'யை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருந்தால்கூடக் குறித்துக்கொள்கிறார். எதை நோட்டரி உறுதிமொழியால் சரி செய்யலாம், எதற்குப் பாஸ்போர்ட்டையே திருத்த வேண்டும் என்று பிரித்துச் சொல்கிறார். ஓஇடிக்குப் பதிவு செய்யும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் கொடுக்க வேண்டும் என்பதால், இந்த வேலை தேர்வுக்கு முன்பே முடிந்தாக வேண்டும். சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் தமிழ்நாடு செவிலியர் கவுன்சில், நம் பதிவு நடப்பில் இருப்பதை என்எம்சிக்கு நேரடியாக உறுதி செய்ய வேண்டும். அதற்கு முன் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும் என்பதையும், காவல்துறைச் சான்றிதழைப் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தின் வழியாக எப்போது கேட்பது என்பதையும் தேதி வாரியாக எழுதிக் கொடுத்தார். மூலச் சான்றிதழ்களை ஒரு நாளும் வாங்கி வைத்துக்கொள்வதில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சான்றிதழ்களைப் பிணையாக வைத்துக்கொள்ளும் இடங்களும் இதே நகரத்தில் உண்டு என்று என்னோடு படித்தவர்கள் சொன்னார்கள்.

சிபிடிக்கான வகுப்பு போதுமானது. மருந்துக் கணக்குகள் 15, அவற்றுக்கு 30 நிமிடம். செவிலியப் பணி சார்ந்த கேள்விகள் 100, அவற்றுக்கு இரண்டரை மணி நேரம். வேலையில் இருப்பவருக்குக் கணக்கு எளிது. பிரிட்டன் தொழில் நெறிகள் பற்றிய கேள்விகளைத்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

ஆஸ்கிக்கென்று ஒரு பொம்மையும் கட்டிலும் வைத்துத் தனி அறை அமைத்து, அதற்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். நிலையங்கள் எனப்படும் 10 பகுதிகள் கொண்ட அந்தத் தேர்வில் நோயாளியை மதிப்பிடுவதிலிருந்து கைகழுவுவது வரை எல்லாம் பார்க்கப்படுகின்றன. நோயாளியின் நிலை மோசமாவதைக் கண்டறிய உதவும் நியூஸ்-2 என்னும் அட்டவணையில் மூச்சு, ஆக்சிஜன் அளவு, நாடி முதலியவற்றுக்கு மதிப்பெண் போட்டு, 7 அல்லது அதற்கு மேல் வந்தால் அவசரக் குழுவை அழைக்கத் தெரிய வேண்டும். பயிற்சி மோசமில்லை. ஆனால் வேலை கொடுக்கும், என்எச்எஸ் என்னும் பிரிட்டன் அரசு சுகாதார அமைப்பின் மருத்துவமனைகள் பெரும்பாலும் அங்கே போனபின் தாங்களே வாரக்கணக்கில் ஆஸ்கி பயிற்சி தருகின்றன, அங்குள்ள படிவங்களையும் கருவிகளையும் வைத்தே. வேலை உறுதியாகாத நிலையில் சென்னையில் இதற்குப் பணம் செலவிடுவது வீண் என்றே நினைக்கிறேன்; நான் சேரவில்லை.

வேலை என்று வரும்போது மையத்தின் நேர்மை மட்டும் போதவில்லை. வேலை வாங்கித் தருவதாக இவர்கள் வாக்குக் கொடுப்பதில்லை, அது சரி. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் என்எச்எஸ் மருத்துவமனைகள் சென்னைக்கும் கொச்சிக்கும் வந்து கொத்தாக ஆள் எடுத்த காலம் இப்போது இல்லை என்பதையும் சேர்க்கையின்போதே சொல்ல வேண்டாமா? என்னோடு தேறியவர்களில் சிலருக்கு இன்னும் நேர்காணல் அழைப்பே வரவில்லை. ஓஇடி முடிவு இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதால், காத்திருப்பவருக்கு அது சிறிய கவலையில்லை. அதே ஓஇடியை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து ஆகியவையும் ஏற்கின்றன. நம்மைப் போன்றோர் ஆஸ்திரேலியாவுக்குப் போக என்கிளெக்ஸ் என்னும் செவிலியர் உரிமத் தேர்வை எழுதி, பின் அங்கே செய்முறைத் தேர்வை முடிக்கும் வழி உண்டு. அமெரிக்காவுக்கும் அதே என்கிளெக்ஸ்தான், ஆனால் இந்தியர்கள் அங்கே குடியேற்ற விசாவுக்குப் பல ஆண்டுகள் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. இவற்றை விளக்க இங்கே ஒருவரும் இல்லை. பிரிட்டன் ஒன்றையே காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பராமரிப்பாளர் விசாவில் முதலில் போய்விட்டு, பிறகு செவிலியராக மாறிக்கொள்ளலாம் என்று லட்சக்கணக்கில் கேட்ட இடைத்தரகர்களை நம்பியவர்கள் என் விடுதியிலேயே இருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பாளர்களை எடுப்பதை பிரிட்டன் 2025 ஜூலையில் நிறுத்திவிட்டது. வேலைக்காகச் செவிலியரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று பிரிட்டன் அரசின் ஆள் எடுக்கும் நெறிமுறை சொல்கிறது. இந்தியாவில் பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் 30,000 ரூபாயும் வரியும் என்று உச்சவரம்பு இருக்கிறது. 1978இல் தொடங்கப்பட்டு, இப்போது கிண்டியில் இயங்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் செவிலியருக்கான வெளிநாட்டுப் பணியிடங்களை அறிவித்துவருகிறது. வேலை தேடுபவர் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். இந்தத் தகவல்களை மையத்தின் சுவரில் ஒட்டினால்கூடப் பலர் தப்பிப்பார்கள். அங்கே இப்போது இருப்பவை தேறியவர்களின் படங்கள் மட்டுமே.

வேலை கிடைத்தவர்கள் ஒப்பந்தத்தைப் படிக்கவும் இங்கே பழக்குவதில்லை. குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் பயணச் செலவையும் தேர்வுச் செலவையும் திருப்பித் தர வேண்டும் என்ற பகுதி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. எவ்வளவு, எத்தனை மாதம் வரை, காலம் செல்லச் செல்லத் தொகை குறையுமா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஒரு பக்கத்தை வகுப்பில் வைத்து வரிவரியாக வாசிக்க ஒரு மணி நேரம் போதும். அதற்கு இடம் ஒதுக்குமாறு மையத்தாரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.