பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை: அல்புமினா, உறைநிலைப் பிளாஸ்மாவா?

பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையின் ஒவ்வொரு அமர்விலும் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா இரண்டரை முதல் மூன்று லிட்டர் வரை பிரித்து அகற்றப்படுகிறது. அந்த இடத்தை அல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் 5 சதவீதக் கரைசலால் நிரப்புவதா, கொடையாளர்களின் உறைநிலைப் பிளாஸ்மாவால் நிரப்புவதா என்ற கேள்வியில் தொற்று அச்சம் இருபுறமும் நிற்கிறது.

அல்புமின் 60 டிகிரி செல்சியஸில் 10 மணி நேரம் சூடாக்கப்படுவதால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் அதில் செயலிழந்துவிடுகின்றன. வழக்கமான உறைநிலைப் பிளாஸ்மாவுக்கு அத்தகைய பதப்படுத்தல் இல்லை. ஒரு பையில் 200 முதல் 250 மி.லி. மட்டுமே இருப்பதால் ஓர் அமர்வுக்கே பத்துக்கு மேற்பட்ட பைகள் வேண்டும், ஐந்து அமர்வுகளில் அது ஐம்பதைத் தொடும். ஒவ்வொரு பையும் பரிசோதிக்கப்பட்டதே என்றாலும், அண்மையில் தொற்றுக்குள்ளான கொடையாளரிடம் சோதனையில் சிக்காத சில நாட்கள் உண்டு.

எனினும் அல்புமினில் தொற்றைத் தடுக்கும் எதிர்ப்பொருள்கள் இல்லை. பிளாஸ்மாவின் முழுக் கொள்ளளவை ஒருமுறை மாற்றினாலே ரத்தத்திலுள்ள ஐஜிஜி என்ற முக்கிய எதிர்ப்பொருளில் சுமார் 60 முதல் 65 சதவீதம் போய்விடுகிறது. உடலின் ஐஜிஜியில் பாதிக்குமேல் ரத்தக்குழாய்களுக்கு வெளியே இருப்பதால் ஓரிரு நாளில் அது உள்ளே வந்து குறையை ஓரளவு நிரப்பும். ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் அமர்வு தொடரும்போது வந்து சேர்ந்ததும் அகற்றப்பட்டு, இருப்பே கரைந்துவிடுகிறது. உறைநிலைப் பிளாஸ்மா இந்த இழப்பை உடனுக்குடன் ஈடுகட்டுகிறது.

அதற்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுப்பது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. ஐஜிஜி அளவு மிகவும் குறைந்தவருக்கு அமர்வு முடிந்தபின் இம்யூனோகுளோபுலினை (எதிர்ப்பொருள் மருந்தை) நரம்பு வழியே செலுத்தலாம். (அமர்வுக்குச் சற்று முன் செலுத்தினால் விலையுயர்ந்த அந்த மருந்து கழிவுப் பையில்தான் சேரும், புரதத்துடன் வலுவாகப் பிணையும் செஃப்ட்ரியாக்சோன் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.) டிடிபி எனப்படும் ரத்த உறைவு நோயோ விதிவிலக்கு: அங்கே குறைந்துபோன அடாம்ட்ஸ்13 நொதியைத் தருவது கொடையாளரின் பிளாஸ்மாதான் என்பதால் அல்புமின் அதற்கு ஈடாகாது.

எதை நிரப்பினாலும் மாறாத தொற்று அபாயங்கள் இரண்டு. ஒன்று, உடன் தரப்படும் ஸ்டீராய்டு: ஆங்கா வாஸ்குலைட்டிஸ் எனப்படும் ரத்தக்குழாய் அழற்சி நோயாளிகள் 704 பேரிடம் நடந்து 2020இல் வெளியான பெக்சிவாஸ் ஆய்வில், ஸ்டீராய்டு அளவைக் குறைத்த பிரிவினரிடம் ஓராண்டுக்குள் கடுமையான தொற்றுகள் குறைவாகவே இருந்தன. மற்றொன்று, கழுத்திலோ தொடை இடுக்கிலோ பொருத்தப்படும் கதீட்டர் என்ற குழாய்; கை நரம்புகள் தடித்து நன்றாக இருப்பவருக்கு அவற்றின் வழியாகவே சிகிச்சையை நடத்திவிட்டால் கதீட்டர் வழித் தொற்றுக்கு இடமே இருக்காது.