வால் டூனிகனா, டேனியல் ஓடானலா: பழைய பாட்டுக்கு யார் குரல்?

பழைய ஹிட் பாடல்களை மெல்லிசையாகத் திரும்பப் பாடிய அயர்லாந்துக்காரர்களில் இரண்டு பெயர்கள் முன்னால் நிற்கின்றன. ஒருவர் வாட்டர்ஃபோர்டில் 1927இல் பிறந்து 2015இல் மறைந்த வால் டூனிகன். மற்றவர் டொனிகோலின் கின்காஸ்லாக் கிராமத்தைச் சேர்ந்த, 1961இல் பிறந்த டேனியல் ஓடானல். இப்படித் திரும்பப் பாடிய கவர் பாடல்களுக்காக ஒரே ஒரு தொகுப்புதான் வாங்குவீர்கள் என்றால் டூனிகனை வாங்குங்கள்.

குரல் இனிமையிலும் உச்சரிப்புத் தெளிவிலும் இருவருக்கும் குறை சொல்ல இடமில்லை. இருவரும் கத்துவதில்லை, வேண்டாத சங்கதி போடுவதில்லை. பாட்டு எதற்காகப் பாடப்பட்டது என்பதில்தான் பிரிகிறார்கள். அது தாளத்தில் தெரியும்.

ஓடானல் வந்தது ஐரிஷ் கன்ட்ரி இசையின் நடன அரங்குகளிலிருந்து. அக்கா மார்கோ அங்கே முன்பே பெயர் வாங்கிய பாடகி. அவருடைய குழுவில் சேர்ந்து பழகி, 1983இல் தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். அந்த அரங்குகளில் ஜோடிகள் வால்ட்ஸும் ஜைவும் ஆடுவார்கள். வால்ட்ஸ் என்றால் மூன்று எண்ணிக்கை: ஒன்றில் பேஸ், இரண்டிலும் மூன்றிலும் கிட்டாரோ கீபோர்டோ. பாடகர் ஒரு சொல்லை ரசித்து அரை எண்ணிக்கை நிறுத்தினால், குழுவும் அவரோடு நின்றால், ஆடுபவரின் கால் தடுமாறும். அதனால் ஓடானலின் வரி எண்ணிக்கையோடு தொடங்கி எண்ணிக்கையோடு முடிகிறது. மூலப் பாடகர் எங்கே தயங்கினாரோ அந்த இடமும் சமமாகிவிடுகிறது. பத்துப் பாட்டைத் தொடர்ந்து கேட்டால் பத்தும் ஒரே நடையில் போவதுபோல் தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

டூனிகன் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வளர்ந்தவர். பிபிசியில் 1965 முதல் சுமார் இருபது ஆண்டுகள் அவருடைய நிகழ்ச்சி வந்தது. ஸ்வெட்டர் போட்டு, ஆடுநாற்காலியில் சாய்ந்து, கையில் கிட்டாரோடு பாடுவார். அவரைக் கேட்டவர்களும் வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். ஆடும் கால்களைப் பற்றிய கவலை அவருக்கு இல்லை. மைக் நெருக்கத்தில் இருக்கிறது, குரலை உயர்த்தத் தேவையில்லை. எனவே ஒரு சொல்லைத் தாளத்துக்குச் சற்றுப் பின்னே தள்ளி எடுத்து, அடுத்த சொல்லில் கணக்கைச் சரிசெய்ய முடிகிறது. நம் ஊர்க் கச்சேரியில் எடுப்பைத் தள்ளி வைத்துப் பாடும்போது சொல் பளிச்சென்று காதில் விழுமே, அதே பலன்தான்.

சோதித்துப் பார்ப்பது எளிது. முதலில் மூலப் பதிவைக் கேளுங்கள். பிறகு கவரைப் போட்டுத் தொடையில் தாளம் தட்டுங்கள். ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லும் தட்டோடு விழுகிறதா, தாண்டி விழுகிறதா என்று இரண்டு சரணம் கவனித்தால் போதும். இதற்கு ஏற்ற பாட்டு 'எலூசிவ் பட்டர்ஃபிளை'. சொற்களை நெருக்கி அடுக்கிய பாட்டு அது. மூச்சு விடும் இடம் தவறினால் பொருள் உடைந்துவிடும். 1966இல் பாப் லிண்டின் மூலமும் டூனிகனின் கவரும் ஒரே சமயத்தில் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் இருந்தன. இரண்டும் 5ஆம் இடம்வரை ஏறின.

ஓடானல் மேலோங்கும் இடமும் உண்டு. 'டானி பாய்' போன்ற பாட்டுக்குச் சுமார் ஒன்றரை ஸ்தாயி வீச்சு வேண்டும். கீழே வசதியாகத் தொடங்கும் பலர் பின்பாதியில் உச்ச ஸ்வரம் வந்ததும் கத்திவிடுகிறார்கள். அங்கே அவருடைய நிதானம் பெரிய பலம். வீட்டு விசேஷத்தில் நாலு பேர் ஆட வேண்டும் என்றாலும் அவரே சரி. அவருடைய பிற்கால ஆல்பங்களை மேலோட்டமாகத்தான் கேட்டிருக்கிறேன், ஆகவே என் தீர்ப்பு 80, 90களின் பதிவுகளுக்கே பொருந்தும்.

டூனிகனை வாங்கும்போது இசைத்தட்டு நிறுவனத்தைப் பாருங்கள். 1967வரை டெக்கா, பிறகு பை (Pye), 70களில் பிலிப்ஸ் என்று மாறியிருக்கிறார். 1969இல் டெக்கா வெளியிட்ட 'தி வேர்ல்ட் ஆஃப் வால் டூனிகன்' நல்ல தொடக்கம்தான். ஆனால் 1967இல் 3ஆம் இடம் பிடித்த 'இஃப் தி ஹோல் வேர்ல்ட் ஸ்டாப்டு லவிங்' பை நிறுவனத்துடையது, டெக்காவின் அந்தத் தொகுப்பில் தேடிப் பயனில்லை. அதே ஆண்டின் இறுதியில் முதலிடம் பிடித்த 'வால் டூனிகன் ராக்ஸ், பட் ஜென்ட்லி' ஆல்பமும் பைதான். எல்லா நிறுவனப் பாட்டும் மலிவு விலையில் ஒரே தட்டில் கிடைத்தால், பின்னாளில் திரும்பப் பாடிய பதிவா என்று அட்டையில் ஆண்டைச் சரிபாருங்கள்.

பழைய எல்பி என்றால் இன்னும் கவனம் வேண்டும். மென்குரலுக்குப் பின்னால் கீறல் ஒலி ஒளிந்துகொள்ள முடியாது. டெக்காவில் எல்கே (LK) என்று தொடங்கும் எண் மோனோ (ஒரே தட ஒலி), எஸ்கேஎல் (SKL) ஸ்டீரியோ (இடம், வலம் என இரு தட ஒலி). பை நிறுவனத்தில் என்பிஎல் (NPL) மோனோ, என்எஸ்பிஎல் (NSPL) ஸ்டீரியோ. மோனோ தட்டை ஓட்டும்போது ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்துங்கள். ஊசியின் மேல்கீழ் அசைவால் வரும் இரைச்சல் அடிபட்டு, தூசிச் சத்தம் நன்றாகக் குறையும். வாங்குமுன் ஒரு பாட்டுதான் போட்டுக்காட்டுவார்கள் என்றால் பக்கத்தின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். வெளிவட்டத்தில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. ஓடும் பள்ளம் உள்வட்டத்தில் 20 செ.மீ. சொச்சம்தான் ஓடுகிறது. தேய்மானம் அங்கேதான் முதலில் காதில் படும். 'ஸ', 'ஷ' ஒலிகள் சீறினால் அந்தத் தட்டை விட்டுவிடுங்கள். எவ்வளவு கழுவினாலும் அது சரியாகாது.