லாகோஸ் மதிலோரத்துக் கசப்பிலை: எட்டு ஆண்டு அனுபவம்

எங்கள் வீட்டுப் பின்புற மதிலை ஒட்டி ஐந்து செடிகள் நிற்கின்றன. எட்டு ஆண்டுகளுக்கு முன் கட்டைவிரல் பருமனில் ஊன்றிய போத்துகள். இன்று அடித்தண்டு என் மணிக்கட்டைவிடத் தடிமன். விட்டால் சன்னலை மறைத்துவிடும் என்பதால் ஆண்டுக்கு இரண்டு முறை இடுப்பளவுக்கு வெட்டிவிடுகிறேன். வெட்டிய மூன்றாம் வாரம், எதுவும் நடக்காததுபோல் மறுபடி தழைத்து நிற்கும்.

நைஜீரியாவில் இதைப் பொதுவாக பிட்டர் லீஃப் என்கிறார்கள். இக்போ மக்களுக்கு ஒனுக்பு, யொரூபா மக்களுக்கு எவூரோ, வடக்கே ஹௌசா பேசுகிறவர்களுக்கு ஷுவாகா. தாவரவியலார் வெகுகாலம் வெர்னோனியா அமிக்டலினா என்றார்கள். இப்போது ஜிம்னாந்தெமம் என்ற பேரினத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். நம்மூர் வரப்போரத்துப் பூவாங்குறுந்தலும் முன்பு வெர்னோனியாதான். அந்த வகையில் தூரத்து உறவு. நான் கசப்பிலை என்றே எழுதுகிறேன்.

வேலைக்காக லாகோஸின் இகேஜா பகுதிக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டில் இக்போ அம்மையார் ஒருவர் இருந்தார். தெருவே அவரை ‘மாமா’ என்று அழைத்தது. இங்கே மாமா என்றால் அம்மா. அறுபது வயதுப் பெண்மணியை மாமா என்று கூப்பிட என் மதுரை நாக்கு ஒரு மாதம் மறுத்தது. அவர் வீட்டு வாசலில் நின்ற கசப்பிலைப் புதரிலிருந்து மூன்று கிளைகளை ஒடித்துக் கொடுத்து, ‘ஊன்றி வை, பிறகு அதுவே உன்னைப் பார்த்துக்கொள்ளும்’ என்றார்.

மூன்றும் அழுகின. தவறு என்னுடையது. அடித்தண்டை எறிந்துவிட்டு, பார்க்க அழகாக இருந்த பச்சை நுனியை நட்டேன், அதுவும் ஜூன் மாதத்தில். லாகோஸ் மழையை அறிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம். பதினைந்து நாளில் தண்டு கறுத்துக் கூழானது. மாமா சிரித்துவிட்டு இரண்டாம் முறை வந்து தாமே நட்டார். பழுப்பேறிய முதிர்ந்த தண்டு, ஒரு முழ நீளம். முருங்கைப் போத்துபோல நேராக நடாமல், மண்ணில் பாதி சாய்வாகப் படுக்கவைத்தார். சாய்த்து நட்டால் கணுக்கணுவாய்த் துளிர் வரும் என்பது அவர் கணக்கு, அப்படியே வந்தது. மழைநீர் தேங்காமல் மேடு கட்டியதும், அது ஆகஸ்ட் மாதத்து மழை ஓய்வு என்பதும் உதவியிருக்க வேண்டும்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம். ஆனால் மாதம் ஒருமுறை வெட்டித் தின்கிற செடி பூக்கவே பூக்காது. எங்கள் ஐந்தில் ஒன்றை மட்டும் ஓர் ஆண்டு வெட்டாமல் விட்டேன். ஜனவரியில், வடக்கிலிருந்து ஹர்மத்தான் காற்று புழுதியைக் கொண்டுவந்து கொட்டும் நாட்களில், கிளை நுனியெங்கும் வெள்ளைப் பொடிப் பூக்கள். சூரியகாந்திக் குடும்பம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சாயங்காலம் நல்ல வாசனை, தேனீக்கள் மொய்த்தன. அந்த ஒரு மாதம் இந்தச் செடியைக் கசப்பின் பெயரால் அழைப்பது அநியாயமாகத் தோன்றியது.

உரம் என்று பெரிதாக எதுவும் போட்டதில்லை. கோழி எரு ஆண்டுக்கு ஒரு கூடை. தொல்லை தருவது வெட்டுக்கிளிதான். பச்சையும் மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டை பட்டையாக இருக்கும் ஒரு வகை, வறண்ட காலத்தில் கூட்டமாக வருகிறது. தொட்டால் நாற்றம். இவ்வளவு கசப்பை எப்படித் தின்கிறது என்று முதலில் வியந்தேன், பிறகு எரிச்சலானேன். வெயில் ஏறுவதற்கு முன், குளிரில் அது மந்தமாக இருக்கும் நேரத்தில், வாளியில் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு உதறிவிடுவதுதான் நாங்கள் செய்வது. தின்கிற இலையில் பூச்சிமருந்து அடிக்க மனம் வரவில்லை.

இனி சமையல். முதல் அறுவடையை என் மனைவி முருங்கைக்கீரையாக நினைத்துத் தேங்காய் போட்டுப் பொரியல் செய்தாள். வேப்பிலையை வதக்கித் தின்றவர்களுக்கு அந்த ருசி புரியலாம். நான் ஒரு வாய், அவள் அரை வாய். தேங்காய் வீணானதுதான் அன்றைய துக்கம்.

மறுவாரம் மாமா எங்கள் அடுக்களைக்கு வந்து பாடம் நடத்தினார். பாடம் முழுவதும் அலசுவதைப் பற்றியது. இலையை நறுக்கி, துணி துவைப்பதுபோல உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்துக் கசக்க வேண்டும். பச்சை நுரை பொங்கி வரும். நுரை தரும் சப்போனின் என்ற பொருள் இலையில் இருப்பதால் சோப்பு போட்டதுபோலவே இருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி, மறுபடி. நான்கு முறை, ஐந்து முறை. அவசரக்காரர்கள் கொதிநீரில் காவுன் என்ற உவர்க்கல்லைப் போட்டு வேகவைத்துக் கசப்பை எடுக்கிறார்கள். மாமாவுக்கு அது பிடிக்காது, இலை குழைந்துவிடும் என்பார். சந்தையில் அலசிப் பிழிந்த இலை உருண்டை உருண்டையாகக் கிடைக்கிறது. கைவலிக்காரர்களுக்கு அது வரம். ஆனால் அந்த உருண்டையில் மிச்சமிருப்பது நார்தான் என்பது என் அபிப்பிராயம்.

எவ்வளவு கசப்பை விட்டுவைப்பது என்பதில் இங்கே வீட்டுக்கு வீடு சண்டை. மாமாவின் கட்சி, கசப்பு நாக்கின் ஓரத்தில் ஒரு நொடி தொட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது. என்னோடு வேலை செய்யும் யொரூபா நண்பருக்கு அதுகூடப் போதாது. அலசியே கொன்றுவிட்டால் பிறகு புல்லைச் சமைக்கலாமே என்று கேட்பார். எட்டு ஆண்டுகளில் நான் மெல்ல அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன். இரண்டு அலசல் போதும். தின்று முடித்துத் தண்ணீர் குடித்தால் தொண்டையில் நெல்லிக்காய்போல ஓர் இனிப்பு தட்டும். ஐந்து முறை அலசினால் அது வராது.

மாமா செய்யும் ஓஃபே ஒனுக்பு குழம்புக்கு ஈடாக நான் இன்னும் எதையும் சாப்பிடவில்லை. சேப்பங்கிழங்கை வேகவைத்து இடித்துக் கூழாக்கிக் குழம்பைக் கெட்டிப்படுத்துவார். சிவந்த பனையெண்ணெய், ஒகிரி என்ற நொதித்த விதை விழுது, இறைச்சி, ஒக்போரோக்கோ என்னும் நார்வே நாட்டுக் காய்ந்த மீன். ஒகிரியின் வாடை கருவாட்டுக்கே அண்ணன். முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டேன், இப்போது அது இல்லாவிட்டால் குழம்பு ஊமையாகத் தோன்றுகிறது. மேற்கே யொரூபா வீடுகளில் எகுசி என்ற பூசணி இன விதையை அரைத்துச் சேர்க்கிறார்கள். கிழக்கே கேமரூனில் வேர்க்கடலையோடு கசப்பிலை சேர்ந்து ந்தோலே ஆகிறது. அந்த நாட்டின் பெருமைக்குரிய உணவு அதுதான்.

சைவமான என் மனைவி தன் வழியைத் தானே கண்டுபிடித்தாள். ஹர்மத்தான் மாதங்களில் காற்றில் ஈரமே இருக்காது. முறத்தில் பரப்பிய இலை இரண்டே நாளில் சருகாகும். மோரில் உப்புப் போட்டு ஊறவைத்துக் காயவைத்தால், சுண்டை வற்றலோடு போட்டிபோடும் வற்றல். நல்லெண்ணெயில் பொரித்து வத்தக்குழம்பில் போடுவாள். நெய்யில் நான்கு சருகைப் பொரித்து ரசத்தில் கிள்ளிப்போட்டால், வேப்பம்பூ ரசம் இல்லையே என்ற குறை தமிழ்ப் புத்தாண்டன்று தெரிவதில்லை.

பல் துலக்கவும் இதன் குச்சியை இங்கே மெல்லுகிறார்கள். ஆலும் வேலும் என்று படித்து வளர்ந்தவன் என்பதால் ஒரு மாதம் முயன்றேன். வேலங்குச்சி அளவுக்கு நார் நன்றாகப் பிரியவில்லை. விட்டுவிட்டேன்.

மருந்து என்பதற்கு வருகிறேன். பலரும் அதற்காகத்தான் இந்தச் செடியைத் தேடுகிறார்கள். மலேசியாவின் கிள்ளானில் இருக்கும் என் அத்தை மகன் படம் அனுப்பி, எங்கள் வீட்டிலும் இருக்கிறது, தென்னாப்பிரிக்க இலை என்கிறார்கள், சர்க்கரைக்குச் சாறு குடிக்கிறோம் என்று எழுதினான். செடி அதுவேதான். ஊர் ஊராகப் பெயர் மாறினாலும் சர்க்கரை என்ற சொல் மட்டும் கூடவே பயணம் செய்கிறது.

நானும் குடித்தேன். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. அப்போது மெட்ஃபார்மினோடு கிளிமிப்பிரைடு மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தேன். அலசாத பச்சை இலையை அரைத்துப் பிழிந்து, காலையில் வெறும் வயிற்றில் கால் டம்ளர். குடிப்பது என்பதைவிட, கண்ணை மூடிக்கொண்டு தொண்டைக்குள் எறிவது என்று சொல்லலாம். மூன்று மாதம் நோட்டுப் போட்டு அளவு எழுதினேன். காலை அளவு குறைந்தது உண்மை. ஆனால் அதே மூன்று மாதத்தில் மாலை நடைக்குப் போகத் தொடங்கியிருந்தேன், இரவுச் சோற்றைப் பாதியாக்கியிருந்தேன். குறைத்தது செடியா, காலா, சோறா என்று அந்த நோட்டால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சாறு குடித்தே சர்க்கரையைக் குறைத்தேன் என்று அடித்துச் சொல்கிறவர்கள், அந்த மாதங்களில் வேறு என்ன மாற்றினார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.

மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு நாள் சாறும் மாத்திரையும் போட்டுக்கொண்டு, காலை உணவைத் தவறவிட்டு, போக்குவரத்து நெரிசலில் மாட்டினேன். கை நடுங்கி, சட்டை நனைந்து, கண் இருட்டியது. ஓட்டுநர் வண்டிகளுக்கு நடுவே விற்றுக்கொண்டிருந்த பையனிடம் கோலா வாங்கிக் கொடுத்தார். மருத்துவர் அன்று மாலை திட்டிய திட்டில் நியாயம் இருந்தது. சர்க்கரையை இறக்கும் மாத்திரையின் மேல், அளவு தெரியாத ஒரு சாற்றை ஏற்றிவிட்டு, சாப்பாட்டையும் தவறவிட்டால் வேறென்ன நடக்கும்? எலிகளில் இந்த இலைச் சாறு சர்க்கரையைக் குறைப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எலிக்கு எடைபார்த்துக் கொடுப்பார்கள். என் கால் டம்ளரில் எத்தனை இலை, முற்றலா கொழுந்தா, அது எனக்கே தெரியாது.

அளவு என்றதும் தான்சானியாவின் மகாலே மலைச் சிம்பன்சிகள் நினைவுக்கு வருகின்றன. 1987இல் மைக்கேல் ஹஃப்மன் என்ற ஆய்வாளரும், டோங்வே இனத்தைச் சேர்ந்த முகமதி செய்ஃபு கலுண்டேவும், நோயுற்ற ஒரு பெண் சிம்பன்சி இந்தச் செடியைத் தேடிப்போய் உண்பதைக் கண்டார்கள். இலையை ஒதுக்கி, பட்டையை உரித்து எறிந்துவிட்டு, உள்ளிருக்கும் தண்டுச்சோற்றை மட்டும் மென்று சாற்றை உறிஞ்சியது. சுமார் ஒரு நாளில் தேறிவிட்டது. டோங்வே மக்களும் வயிற்றுக் கோளாறுக்கு இதையே பயன்படுத்துவார்கள் என்பதைச் சொன்னவர் கலுண்டே. எதை உரித்து எறிய வேண்டும் என்று அந்த விலங்குக்குத் தெரிந்திருந்தது. இலையைக் கைப்பிடியாக அள்ளி மிக்சியில் போட்டவன் நான்.

காய்ச்சலுக்கும் இங்கே இதன் கஷாயத்தைக் கொடுக்கிறார்கள். எனக்கு இந்த எட்டு ஆண்டுகளில் மூன்று முறை மலேரியா. மூன்று முறையும் ரத்தப் பரிசோதனை, ஆர்ட்டெமிசினின் கூட்டு மாத்திரை. மாமாவின் கஷாயத்தைத் தேறிய பிறகு, நாக்கு செத்துக் கிடந்த நாட்களில் குடித்தேன். பசியைத் தூண்டும் என்பதை மட்டும் என் அனுபவத்தில் தயங்காமல் சொல்வேன். ஊரிலிருந்து என் தங்கை கர்ப்பமாக இருந்தபோது வாட்ஸ்அப்பில் ஏதோ பார்த்துவிட்டு இலைப்பொடி அனுப்பச் சொன்னாள். கர்ப்பத்தில் அது ஆகுமா என்று தெரியாததால் மறுத்துவிட்டேன், அவள் ஒரு மாதம் பேசவில்லை.

சாற்றை நிறுத்தி ஏழு ஆண்டுகளாகிறது. வாரம் இரண்டு முறை அலசிய கீரையாகத் தட்டில் வருகிறது, அது மருத்துவருக்கும் தெரியும். போத்து வேண்டும் என்று ஊரிலிருந்து கேட்கிறார்கள். செடி நோயும் பூச்சியும் நாடு தாண்டாமல் தடுக்கும் பயிர்த் தடுப்புக்காப்பு விதிகளை மீறிப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுபோவதில் எனக்கு உடன்பாடில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு கசப்புக்கு ஆப்பிரிக்காவரை கைநீட்டுவானேன் என்று அம்மா கேட்டதற்கும் என்னிடம் பதில் இல்லை.

போன ஆண்டு மாமா குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் முன்பக்கத்தைச் சிமெண்ட் போட்டு வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார். எங்கள் ஐந்துக்கும் தாயான அந்தப் புதர் போய்விட்டது. இப்போது சனிக்கிழமை காலையில் மாமா பிளாஸ்டிக் பேசினோடு எங்கள் பின்வாசலில் வந்து நிற்கிறார். மதிலுக்கு அந்தப் பக்கம் சாய்ந்த கிளைகளை நான் வெட்டுவதில்லை. ஒருமுறை என் மனைவியின் வத்தக்குழம்பை ஒரு கரண்டி ருசி பார்த்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். கடைசியில், ‘இந்தப் பெண் இலையை அலசவே இல்லை’ என்று என்னிடம் புகார் சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டார்.