பெட்ரோலா, ஹைபிரிடா, எலெக்ட்ரிக்கா: கரண்ட் பில்லை வைத்து ஒரு கணக்கு

ஒன்பது வருடம் பெட்ரோல் கார் ஓட்டிவிட்டு, ஒன்றரை வருடத்துக்கு முன் நெக்ஸான் இவி என்ற எலெக்ட்ரிக் கார் எடுத்தேன், 45 கிலோவாட்-அவர் பேட்டரி உள்ளது. கோவை துடியலூரில் தனி வீடு, சூலூர்ப் பக்கம் வேலை. போக வர தினம் 50 கிலோமீட்டருக்குக் குறையாது. சென்னையில் இருக்கும் மச்சான் அதே சமயத்தில் கிராண்ட் விட்டாரா ஹைபிரிட் வாங்கினார், பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த வண்டி. அதனால் மூன்றையும் அருகிலிருந்து பார்த்துவிட்டேன்.

பிளக்-இன் ஹைபிரிட்டை நம் ஊரில் சொகுசு வண்டிகளில்தான் பார்க்க முடிகிறது. மச்சானுடையது பிளக்கில் மாட்டுகிற வகை இல்லை. பிரேக் பிடிக்கும்போதும் இன்ஜின் ஓடும்போதும் அதுவாகவே சார்ஜ் ஆகிக்கொள்ளும்.

எலெக்ட்ரிக்கில் சத்தமில்லாத ஓட்டம், கிளட்ச் தொல்லை இல்லை, ஆயில் மாற்றும் செலவு இல்லை. இதெல்லாம் எல்லாரும் அறிந்தது. நான் சொல்ல வந்தது மின்சாரக் கணக்கு. ஷோரூமில் யூனிட் ஐந்து ரூபாய் என்று போட்டுக் காட்டினார்கள். அது சரியில்லை. கார் குடிக்கும் யூனிட், வீட்டு உபயோகத்துக்கு மேலே போய் உட்காருகிறது. அதாவது, விலை அதிகமான ஸ்லாபில் (யூனிட் கூடக் கூட விலை ஏறும் படிகளில் மேல் படியில்). 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ் ஸ்லாபின் சலுகையும் குறைகிறது.

எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 450 யூனிட் போல ஓடும், பில் 1,500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். கார் வந்த பிறகு 850 யூனிட். 600-க்கு மேல் யூனிட்டுக்கு 9.65 ரூபாய், 800-க்கு மேல் 10.70. ஆக மொத்தம் 5,400 ரூபாய் அளவில் வருகிறது. காருக்கென்று கூடியது 3,900. அதில் 2,500 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேல். அதே தூரத்துக்குப் பழைய பெட்ரோல் வண்டி, 14 மைலேஜில், லிட்டர் 101 ரூபாய்க் கணக்கில் 18,000 கேட்கும். மச்சான் வண்டி 21 கொடுக்கிறது, 12,000 ஆகும். மேல் ஸ்லாபைச் சேர்த்த பிறகும் எலெக்ட்ரிக்தான் ஜெயிக்கிறது, அதுவும் நல்ல இடைவெளியில்.

ஆனால் இது வீட்டு பிளக் இருந்தால் மட்டும். எனக்குச் சாதாரண 15 ஆம்ப் பாயின்ட் போதுமாக இருக்கிறது. ராத்திரி பத்து மணி நேரம் மாட்டினால் 200 கிலோமீட்டருக்குத் தேறும். புக் பண்ணுவதற்கு முன்பே ஒயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தையும் ஒயர் தடிமனையும் பார்க்கச் சொன்னேன். எர்த் சரியில்லை, புதிதாகப் போட்டோம். மச்சானுடைய அப்பார்ட்மென்டில் பார்க்கிங்கில் பாயின்ட் வைக்க அசோசியேஷன் ஒத்துக்கொள்ளவில்லை. வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட்டுக்கு 20 ரூபாயும் அதற்கு மேலும் ஆகிறது, காத்திருப்பது வேறு. அவர் ஹைபிரிட் வாங்கியது சரியான முடிவு என்றே சொல்வேன்.

நெடுந்தூரத்திலும் அவருக்குத்தான் நிம்மதி. சென்னைக்கு 500 கிலோமீட்டர், நான் வழியில் இரண்டு இடத்தில் நிறுத்திச் சார்ஜ் போட்டேன். இரண்டே முறைதான் அப்படிப் போயிருக்கிறேன், அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

அப்புறம் விலை. நான் பார்த்த மாடல்களில் பெட்ரோலுக்கும் எலெக்ட்ரிக்குக்கும் நாலு லட்சம் வித்தியாசம் இருந்தது. எனக்கு மாதம் 7,000 மிச்சமாகிறது, அசல் திரும்ப ஐந்து வருடம் ஆகும். மாதம் 500 கிலோமீட்டர்தான் ஓட்டுவீர்கள் என்றால் தயங்காமல் பெட்ரோலே எடுங்கள்.

மறுவிற்பனையில் எனக்கு அனுபவம் போதாது. பழைய பெட்ரோல் வண்டி ஒரே வாரத்தில் விலைபோனது. எலெக்ட்ரிக் வண்டிக்கு நான் வாங்கியபோது பேட்டரி வாரண்டி எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது என்றிருந்தது. வருடம் 15,000 ஓட்டுகிற எனக்கு வருடக் கணக்குதான் முதலில் முடியும். அதுவரை விற்கிற எண்ணமில்லாமல்தான் வாங்கினேன். நாலு வருடத்துக்கு ஒருமுறை வண்டி மாற்றுகிறவர் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.