ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை: ரிச்சி தெரு சர்வீஸ் கடை

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை, யாரோ பார்த்துவிட்டு "மதர்போர்டு போச்சு" என்று சொல்லிவிட்டார் என்றால், பணத்தை எடுத்து வைப்பதற்கு முன்னால் இந்தக் கடைக்கு ஒரு நடை போய் வாருங்கள். சென்னை ரிச்சி தெருவுக்குள் மாடியில் இருக்கிற சின்ன இடம், நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் படியில்தான் நிற்க வேண்டும். ஆனால் வேலையை நம் கண் முன்னால் செய்கிறார்கள், ஒவ்வொரு அளவையும் நம்மிடம் காட்டிவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகிறார்கள்.

நான் திருவள்ளூரில் டிடிபி வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கிரகப்பிரவேசம், கண்ணீர் அஞ்சலி எல்லாமே இன்னும் பேஜ்மேக்கர் என்கிற பழைய பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரில்தான். அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2001இல், ஆனாலும் என் பழைய தமிழ் எழுத்துருக்கள், பல வருடமாகச் சேர்த்த டிசைன்கள் எல்லாம் அதில் இருப்பதால் அந்த மெஷினை மாற்ற எனக்கு மனசு வருவதில்லை. வைகாசி முகூர்த்த நேரம், ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் மூன்று நாலு முறை போய்ப் போய் வந்தது. மறுநாள் காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, முன்னால் விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் ஒன்றும் வரவில்லை. வழக்கமாகக் கேட்கிற ஒற்றை பீப் சத்தமும் இல்லை.

எனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்து பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தேன். பிரிண்டர், பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்றினேன். ராமை எடுத்து அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் துடைத்து, இரண்டு பக்கமும் டிக் என்று விழும்வரை அழுத்தி மாட்டினேன். போர்டில் இருக்கிற வட்ட பேட்டரியையும், அதுதான் சிஆர்2032, புதிதாக வாங்கிப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் கொண்டு போனேன். அவர் எஸ்எம்பிஎஸ்ஸின், அதாவது போர்டுக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டியின், 24 பின் கனெக்டரைப் பிடுங்கி, பச்சை வயரையும் கருப்பு வயரையும் ஒரு கம்பித் துண்டால் சேர்த்தார். ஃபேன் சுற்றியது. "எஸ்எம்பிஎஸ் நல்லா இருக்கு, போர்டுதான் போச்சு. இந்த மாடல் இப்ப வராது, போர்டு, ப்ராசஸர், ராம் மூணும் மாத்தணும்" என்று 14,000 ரூபாய் சொன்னார். பணம் ஒரு பக்கம், புது போர்டு போட்டால் விண்டோஸிலிருந்து எழுத்துரு வரை மறுபடி முதலிலிருந்து. கையில் ஏழு பத்திரிகை நிற்கிறது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் சிபியுவைப் பழைய போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு காலை ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன், அரசினர் தோட்டம். கடையில் இருந்த தம்பி மூடியைக் கழற்றியதும் முதலில் செய்த காரியம், ஹார்டு டிஸ்கை எடுத்து என் கையில் கொடுத்தது. "இதை நீங்களே வச்சிருங்கக்கா, வேலை முடிஞ்சதும் மாட்டிக்கலாம்." அந்த ஒரு செயலிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

கரண்ட் விட்டு விட்டு வந்த கதையைப் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் வோல்ட் அளக்கிற மல்டிமீட்டரை எடுத்தார். அதே பச்சை, கருப்பு வயர் சோதனைதான், ஆனால் ஃபேன் சுற்றியதோடு நிறுத்தவில்லை. மஞ்சள் வயரில் வைத்துக் காட்டினார், 11.9 வோல்ட். சரியாகத்தானே இருக்கிறது என்றேன். "காலி வண்டியை எந்த மாடும் இழுக்கும்கா, மூட்டை ஏத்தினாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, கனெக்டரை போர்டில் மாட்டி ஆன் செய்து அதே மஞ்சள் வயரில் பின்பக்கமாக முனையைச் செருகினார். 10.7. பன்னிரண்டு வோல்ட்டில் 5 சதவீதம்தான் கூடக் குறைய இருக்கலாம், 11.4க்குக் கீழே போகக் கூடாதாம்.

அடுத்து சாம்பல் நிற வயர். அதில் கிட்டத்தட்ட 5 வோல்ட் வர வேண்டும், வந்தது 0.1. எஸ்எம்பிஎஸ் தன் அளவுகள் எல்லாம் சரியாக இருந்தால்தான் அந்த வயர் வழியாக "ரெடி" என்று போர்டுக்குச் சொல்லும், அது வரும்வரை போர்டு ப்ராசஸரை எழுப்பாது, அதனால்தான் ஃபேன் சுற்றியும் திரை இருட்டாக இருக்கிறது என்று விளக்கினார். இத்தனை வருடத்தில் யாரும் எனக்கு இப்படிச் சொல்லித் தந்ததில்லை. மேஜையில் கிடந்த வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டி ஆன் செய்தார், ஒரு பீப், திரையில் எழுத்து. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பழையதின் சல்லடை வழியாக டார்ச் அடித்துக் காட்டினார், உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற கெப்பாசிட்டர் இரண்டு தலை உப்பி, மேலே பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. அதை மட்டும் மாற்றித் தர முடியாதா என்று கேட்டேன். முடியும், ஆனால் பழைய சரக்கு, இரண்டை மாற்றினால் மூன்றாவது எப்போது போகும் என்று தெரியாது, தினமும் வேலை பார்க்கிற மெஷினுக்கு வேண்டாம் என்றார். வீட்டில் யாரும் எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார். உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்குமாம்.

புதிது வாங்கும்போது அவர் சொல்லிக் கொடுத்த இன்னொன்று. அங்கே 900 ரூபாய்க்கும் ஒன்று இருந்தது, பெட்டியில் பெரிதாக 450 என்று போட்டிருந்தது. லேபிளைத் திருப்பிக் காட்டினார், 12 வோல்ட் வரிசையில் 16 ஆம்ப். பெருக்கினால் 192 வாட்தான். நான் வாங்கியதில் 36 ஆம்ப், 432 வாட். ப்ராசஸர் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டைத்தான், அதனால் பெட்டியைப் பார்க்காதீர்கள், லேபிளைப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் 2,750, சர்வீஸ் 300, மொத்தம் 3,050 ரூபாய்.

குறைகளும் உண்டு. எனக்கு முன்னால் ஐந்து பேர், ஒன்றரை மணி நேரம் நின்றேன், உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. படி செங்குத்து, வயதானவர்களை சிபியு தூக்க வைத்து அனுப்பாதீர்கள். போன் செய்தால் எடுப்பதில்லை. பில்லை முதலில் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள், வாரண்டிக்கு ஜிஎஸ்டி பில் வேண்டும் என்று கேட்டதும் முகம் சுளிக்காமல் போட்டுக் கொடுத்தார்கள், ஆனால் கேட்காமலே கொடுத்திருக்க வேண்டும்.

மானிட்டர், கீபோர்டு எதுவும் தூக்கிப் போக வேண்டியதில்லை, சிபியு மட்டும் போதும். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. மற்ற நாளில் பதினொரு மணிக்குள் போய்விட்டால் கூட்டம் குறைவு. நான் மூன்று மணி ரயிலைப் பிடித்து வீடு வந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்குள் முதல் பத்திரிகையின் ப்ரூஃபை அனுப்பிவிட்டேன்.